கால் டெஸ்ட்டுக்கு வந்தவர்கள்

எங்கள் தொழிலுக்கு வருகிறவர்கள் கையுறையை மாட்டிக்கொள்வதற்கு முன்னால் வெட்கத்தைக் கழற்றி வைத்துவிட வேண்டும்.

காளவாசலில் ஒரு பரிசோதனை நிலையம். அதில் சாம்பிள் வாங்குகிற கவுன்ட்டரில் ஏழு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். ரத்தம், சிறுநீர், சளி என்று எல்லாமே அந்தக் கட்டடத்துக்குள் வரும் என்றாலும், என் ஜன்னலுக்கு வருவது பெரும்பாலும் மலம்தான். நான் படித்தது கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடம். அங்கே ஒன்றுக்கு ஒரு விரல், இரண்டுக்கு இரண்டு விரல். அதற்கு மேல் பேச்சே கிடையாது. பன்னிரண்டு வருடம் வாயால் சொல்லாத வார்த்தையை இப்போது ஒரு காலைப்பொழுதுக்குள் நாற்பது தடவை சொல்கிறேன். வருகிறவர்களும் என்னை "சிஸ்டர்" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

டப்பாவை நியூஸ்பேப்பரில் சுற்றி, அதைக் கறுப்புக் கவரில் போட்டு, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் முகத்தைப் பார்க்காமல் மடியில் வைத்துக்கொண்டு வந்த அத்தனை பேருக்கும் இதை எழுதுகிறேன். நீங்களும் நானும் இப்போது ஒரே வயிற்றெரிச்சல்காரர்கள். என் மகள் அமலிக்கு ஐந்து வயது. வருகிற வெள்ளிக்கிழமை அவளை மயக்கத்தில் படுக்கவைத்துக் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கப்போகிறார்கள். உள்ளே இருப்பது ஆறிவிடுகிற புண்ணா, ஆயுசுக்கும் கூடவே வருகிற வியாதியா என்பது அன்றைக்குத்தான் தெரியும். அவள் பக்கத்தில் தூங்குகிறாள். எனக்குத் தூக்கமும் வரவில்லை, செபம் சொன்னால் அதுவும் பாதியில் மறந்துபோகிறது. அதனால் கவுன்ட்டரில் கேட்டதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முழங்காலுக்கு மேல் வேட்டி

வயிற்று டாக்டர்கள் இப்போதெல்லாம் தாராளமாக எழுதுகிற டெஸ்ட் ஒன்று உண்டு. பெயர் கால்ப்ரொடெக்டின். குடலில் அழற்சி இருந்தால் ரத்தத்தின் வெள்ளணுக்கள் அங்கே கூட்டமாகப் போய்ச் சேரும். அவை சுமந்துகொண்டு போகிற ஒரு புரதம் மலத்தில் கலந்து வெளியே வரும். அதன் அளவு ஐம்பதுக்குள் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. நூற்றுக்கணக்கில் ஏறினால் உள்ளே என்னவோ எரிகிறது. கால்சியத்தையும் பாதுகாப்பையும் சேர்த்து அந்தப் பெயரை வைத்தார்களாம். வைத்தவர்களுக்குத் தமிழ் தெரியாது.

வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். வாழைக்காய் மண்டியில் மூட்டை இறக்குகிறவர். சீட்டை நீட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். வேட்டியை முழங்காலுக்கு மேல் சுருட்டினார். வலது காலைத் தூக்கி, ரத்தம் எடுக்கக் கை வைக்கிற பலகையின் மேல் வைத்தார். "எந்தக் காலு தாயி, ரெண்டுமா?" என்றார். "ஐயா, இது கால் டெஸ்ட் இல்ல. மோசன் டெஸ்ட்" என்றேன். "மோசன்னா?" "வெளிக்குப் போறது." அவர் காலை இறக்கவில்லை. "நல்லாப் பாரு. மெடிக்கல்ல குடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டுத்தான் வாரேன். கால் புரொடக்சன். காலப் பாதுகாக்குறதுன்னு அந்தக் கடைக்காரரு வெவரமாச் சொன்னாரு." "உங்களுக்கு வலி எங்க?" "வலி வயித்துலதான். அதான் எனக்கும் புரியல. சரி, பெரிய டாக்டரு, நரம்பு நரம்பாப் பாப்பாரு போலன்னு காலைல எந்திரிச்சு வெளிக்கும் போயிட்டு, ரெண்டு காலையும் சோப்புப் போட்டுத் தேச்சுக் கழுவிட்டு, ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன்."

டப்பாவைக் கொடுத்து, மூடியில் ஒட்டியிருக்கிற குட்டிக் கரண்டியைக் காட்டி, எவ்வளவு எடுக்க வேண்டும், தண்ணீர் படாமல் எப்படி எடுக்க வேண்டும் என்று சொன்னேன். எனக்குச் சொல்லக் கூச்சமில்லை, அவருக்குக் கேட்கக் கூச்சம். டப்பாவை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பி வந்து, முகம் மலர்ந்து சொன்னார்: "இப்பப் புரியுது தாயி. கால் கழுவுறதுக்கு முந்தி பிடிக்கணும்ல, அதான் கால் டெஸ்ட்டுன்னு பேரு வச்சிருக்கான்."

பைண்டிங்

ஆரப்பாளையத்தில் பைண்டிங் கடை வைத்திருக்கிறவர் ஒருவர். கல்லூரிப் பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டு, கோயில் பாட்டுப் புத்தகம், கிழிந்த பைபிள் எல்லாம் தைத்துக் கொடுப்பார். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். பெல்ட்டில் புதிதாக மூன்று ஓட்டை போட்டிருந்தார். டப்பாவைக் கொடுக்கும்போதே போனையும் நீட்டினார். "மேடம், இதுல கால்சியம் பைண்டிங் புரோட்டீன்னு போட்ருக்கு. பைண்டிங் நம்ம தொழிலாச்சே, அதான் உக்காந்து படிச்சேன். இது கால்சியத்த எல்லாம் பைண்ட் பண்ணி வச்சுக்கிட்டா எலும்புக்கு என்ன மிஞ்சும்? என் சம்சாரம் பயந்து போயி தினமும் ரெண்டு வேளை கேப்பைக் கூழு ஊத்துறா. குடிச்ச அடுத்த நிமிசம் ஓட வேண்டியிருக்கு."

பயோகெமிஸ்ட்ரி படித்த பெருமை எனக்கு இருக்கிறது. அன்றைக்குக் கூட்டமும் இல்லை. சொல்ல ஆரம்பித்துவிட்டேன். இது ஒரு தனி ஆள் இல்லை, பெரிய குடும்பம். எஸ்-100 என்று குடும்பப் பெயர். இருபதுக்கும் மேல் உருப்படிகள். ஒவ்வொன்றுக்கும் கால்சியம் வந்து உட்காருகிற மாதிரி இரண்டு பை. கால்சியம் வந்து உட்கார்ந்ததும் புரதம் மடிப்பு விரிந்து இன்னொன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். எலும்பிலிருந்து திருடுகிற வேலையெல்லாம் இல்லை. செல்லுக்குள் இருக்கிறவரை ஒழுங்காக வேலை பார்க்கும். கிருமி வந்தால் அதற்குத் தேவையான துத்தநாகத்தையும் மாங்கனீசையும் பிடித்து வைத்துக்கொண்டு அதைப் பட்டினி போடும். நல்லதுதான். ஆனால் செல் உடைந்து வெளியே வந்துவிட்டால் ஊரைக் கூட்டும். கூட்டம் வந்த பிறகும் கத்துவதை நிறுத்தாது. கத்துகிற இடம் மூட்டாக இருந்தால் வாதம், தோலாக இருந்தால் செதில், குடலாக இருந்தால் ரத்தம். மூளையில் அடிபட்டாலும் இந்தக் குடும்பத்து ஆள் ஒருவர் ரத்தத்தில் தலைகாட்டுவார். சில புற்றுநோய்களிலும் இவர்கள் கை உண்டு. காப்பாற்ற வந்தவனே வீட்டைக் கொளுத்துகிற கதை என்று முடித்தேன். நன்றாகச் சொன்னோம் என்று எனக்கே ஒரு திருப்தி.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தொழில்காரர் தொழில்காரரிடம் சொல்கிற மாதிரி சொன்னார்: "பிரிஞ்ச பக்கத்தச் சேக்குறதுதான் மேடம் பைண்டிங்கு, இது சேந்து இருக்கிற பக்கத்தையெல்லாம்ல பிரிச்சு எறியுது."

நூற்றுக்கு நூறு

ரிப்போர்ட் கொடுக்கிற பெண் லீவு போட்டால் அந்த ஜன்னலும் என்னுடையதுதான். அப்படி ஒரு நாள் ஒரு தகப்பனும் மகளும் வந்தார்கள். அவர் வயல் வேலைக்காரர். செருப்புப் போட்டு வரப்பில் நடக்க வராது என்று சொல்கிற ஆள். உள்ளங்காலில் ஒரு கறுப்பு. முள் குத்தின தழும்பு என்று ஒரு வருடம் ஓட்டியிருக்கிறார். அது புண்ணாகிக் கசிய ஆரம்பித்த பிறகு ஒரு துண்டு வெட்டி எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருந்தார்கள். எங்கள் பெரிய லேப்பில் சாயம் போட்டுப் பார்த்து, ரிப்போர்ட் எங்கள் வழியாக வந்திருந்தது. மகள் காலேஜில் முதல் வருடம். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படித்தாள். "எஸ்... நூறு... பாசிட்டிவ்ப்பா."

அந்த நூறுக்கும் மார்க்குக்கும் சம்பந்தமே இல்லை. அம்மோனியம் சல்பேட் நூறு சதவீதம் கரைந்த நீரிலும் இந்தப் புரதங்கள் கரைந்தே நிற்கும் என்பதால் யாரோ வைத்த பெயர். தோலுக்கு நிறம் கொடுக்கிற செல்களில் இது இருக்கும். அந்தச் செல்களே தறிகெட்டு வளர்ந்து புற்றாகியிருக்கிறதா என்று தேடும்போது போடுகிற சாயங்களில் ஒன்று எஸ்-100. பாசிட்டிவ் என்றால் சாயம் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். மற்ற சாயங்களும் பிடித்திருந்தன. அடுத்த வரியில் வியாதியின் பெயரே இருந்தது. அந்தப் பெண்ணின் விரல் அங்கே போய் நின்றது. அவளுக்கு அந்த வார்த்தை தெரியவில்லை. என்னைப் பார்த்தாள். ரிப்போர்ட்டை விளக்கக்கூடாது என்பது எங்கள் சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன். "டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றேன். "இன்னைக்கேவா அக்கா?" என்றாள். "இன்னைக்கே" என்றேன். அதைக்கூடக் கொஞ்சம் சாதாரணமாகச் சொல்லப் பார்த்தேன்.

தகப்பனுக்கு என் முகத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. மகள் நன்றாகப் படித்துச் சொன்னாள் என்கிற சந்தோசத்தில் இருந்தார். காகிதத்தை நாலாக மடித்துக் கொடுத்துவிட்டு அவளிடம் சொன்னார்: "பள்ளிக்கூடத்துல நா ஒரு நாளும் வாங்கல. பாத்தியா, எங்காலு வாங்கிருச்சு நூறு."

ஸ்கோர்

உள்ளே மெசின் ஓட்டுகிறவர் பாண்டி அண்ணன். மெலிந்த ஆள், நல்ல மனசு, கிரிக்கெட் பைத்தியம். கால்ப்ரொடெக்டின் எண்கள் வர வர, கண்ணாடித் தடுப்புக்கு உள்ளேயிருந்து ஸ்கோர் சொல்வார். "நாப்பத்தெட்டு, அம்பதுக்கு முன்னாடியே அவுட்." "டபுள் செஞ்சுரி, தங்கச்சி." "இது டெஸ்ட் மேட்ச்சு, ஆயிரத்தத் தாண்டிருச்சு." நானும் சிரிப்பேன். காலை ஆறரையிலிருந்து மூக்கில் மாஸ்க்கோடு டப்பாக்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறவர்கள் எதற்காவது சிரிக்கத்தான் வேண்டும். எண் என்பது எங்களுக்கு எண். அதற்குப் பின்னால் ஒரு வயிறு இருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் நினைத்தால் மதியம் சோறு இறங்காது.

கண்ணாடித் தடுப்பின் மேல்பக்கம் திறந்திருக்கும் என்பது எங்களுக்கு மறந்துபோயிருந்தது. ஒரு நாள் பாண்டி அண்ணன் "ரன் மெசின்டா இவன்!" என்று உள்ளே கையைத் தட்டினார். அன்றோடு அந்த விளையாட்டு நின்றது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து, கோபமே இல்லாத குரலில் கேட்டாள்: "அண்ணே, எங்க வீட்டுக்காரரு எத்தன ரன்னுல நிக்கிறாருண்ணே?"

பெண் கேட்டு வந்த வாரம்

எங்கள் சர்ச் பங்கில் ஒரு டீச்சரம்மா. ஞாயிற்றுக்கிழமை பூசையில் முன்வரிசைக்காரர். அவர் மகளுக்கு இருபத்துமூன்று வயது. ஒரு வருடமாக மலத்தோடு ரத்தம் போய்க்கொண்டிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. திருச்சியிலிருந்து ஒரு வரன் வந்து, நாள் குறிக்கிற நேரத்தில் டாக்டர் இந்த டெஸ்டை எழுதினார். டீச்சரம்மாவே டப்பாவைக் கொண்டுவந்தார். முடிவு நார்மல். "மாதா கண்ணத் திறந்துட்டாங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். ரிப்போர்ட்டை நம்பி டாக்டரும் சாதாரண மாத்திரையோடு நிறுத்தினார். ஆறே வாரத்தில் அந்தப் பெண் குளியலறையில் மயங்கி விழுந்து, ரத்தம் ஏற்றி, கேமரா விட்டுப் பார்த்தால் பெருங்குடல் முழுக்கப் புண்.

லேப் மேல் புகார் வந்தது. பழைய பதிவை எடுத்தோம், மெசினைச் சரிபார்த்தோம், எல்லாம் சரி. கடைசியில் டீச்சரம்மா தானே என் ஜன்னலுக்கு வந்து, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார். டப்பாவில் இருந்தது மகளுடையது இல்லை. அவருடையது. ரிப்போர்ட் எப்படியாவது வெளியே தெரிந்துவிடும், சம்பந்தம் நின்றுவிடும் என்று பயந்து அப்படிச் செய்திருக்கிறார். எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. என்னைவிட இருபது வயது மூத்தவர், டீச்சர், எதையும் பார்க்கவில்லை. "நீங்கல்லாம் ஒரு அம்மாவா? பிள்ளையக் கொல்லப் பாத்தீங்களே" என்று கவுன்ட்டரில் எல்லார் முன்னாலும் கத்தினேன். அப்போது அமலிக்கு இரண்டு வயது. நல்ல சதைப்பிடிப்பாக இருப்பாள்.

டீச்சரம்மா அழவில்லை. வாயிலிருந்து தலைப்பை எடுத்தார். வகுப்பில் கடைசி பெஞ்சுப் பிள்ளையிடம் பேசுகிற மாதிரி நிதானமாகச் சொன்னார்: "உனக்கும் ஒரு பொம்பளப் பிள்ளைதான இருக்கு, அந்த டப்பா உன் கைக்கு வரட்டும், அப்பப் பேசுவோம்."

மூன்றாவது தடவை

அமலிக்குத் தவக்காலத்தில் ஆரம்பித்தது. முதலில் வயிற்றுப்போக்கு என்றோம். பிறகு பூச்சி என்று மருந்து கொடுத்தோம். பிறகு ஹோட்டல் சட்னி, பள்ளிக்கூடத்துத் தண்ணீர், கண்ணு பட்டது என்று ஒவ்வொன்றாகக் குற்றவாளி பிடித்தோம். அமலி சாப்பாட்டுத் தட்டிலிருந்து பாதியில் எழுந்து ஓடுவாள். இரவு உடுப்பை நனைத்துவிட்டு என்னைப் பார்த்து "சாரிம்மா" என்பாள். எடை குறைந்தது. ஒரு நாள் சளியோடு சிவப்பு இருந்தது. என் வீட்டுக்காரர் பிரிட்டோ வாடிப்பட்டியில் கணக்கு வாத்தியார். "பீட்ரூட் சாப்பிட்டிருப்பா. நீ லேப்ல இருந்துக்கிட்டு எதப் பாத்தாலும் வியாதியாவே பாக்குற" என்றார். பீட்ரூட் எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. இருந்தாலும் "ஆமா, பீட்ரூட்தான்" என்று நானும் சொன்னேன்.

டாக்டர் அந்த டெஸ்டையே எழுதினார். டப்பாவோடு எங்கள் வீட்டுக் குளியலறையில் நின்றேன். தாழ்ப்பாள் போட்டிருந்தேன். யாருக்குமே தெரியப்போவதில்லை, என்னுடையதை வைத்துவிட்டால் இன்று ஒரு நாள் நிம்மதியாகத் தூங்கலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. ஒரு நிமிடம்தான். இல்லை, அதற்கு மேலேயே இருக்கும். டீச்சரம்மா வீடு எனக்குத் தெரியும். போய் மன்னிப்புக் கேட்க இன்னும் கால் வரவில்லை. அமலியுடையதையே வைத்து, லேபிளில் என் கையாலேயே அவள் பெயர், வயது எழுதினேன். எண் நான்கு இலக்கத்தில் வந்தது. வாடிக்கையாளருக்குச் சொல்கிற சமாதானம் அத்தனையும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காது வலிக்கு நாலு நாள் ஒரு வலி சிரப் கொடுத்திருந்தேன். அந்த வகை மருந்தே அளவை ஏற்றும். கிருமி இருந்தாலும் ஏறும். கல்ச்சர் போட்டோம், கிருமி இல்லை. சிரப்பை நிறுத்திச் சில வாரம் கழித்து மறுபடியும் அனுப்பினோம்.

அன்றைக்கு நான் கண்ணாடித் தடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுத்தவர் டப்பாவுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். சாதாரணமாக அரை மணியில் வெளியே வருகிற பாண்டி அண்ணன் வரவில்லை. மதியம் எல்லாரும் சாப்பிடப் போன பிறகு வந்தார். கையுறையைக் கழற்றவில்லை. என்னைப் பார்க்காமல் என் மேசையைப் பார்த்துச் சொன்னார்: "மூணாவது தடவையும் ஓட்டிப் பாத்துட்டேன் தங்கச்சி. மெசினு நல்லாத்தான் இருக்கு."

அறை எண் நான்கு

கேமரா விட்டுப் பார்க்க வேண்டியிருக்கும் என்று எங்கள் டாக்டர் குழந்தைகளுக்கான குடல் டாக்டரிடம் அனுப்பினார். அவர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். எங்களுக்கு முன்னால் உள்ளே போனவர்கள் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர்கள், புருசன் பெண்டாட்டி, ஒரு பையன். கதவு சரியாகச் சாத்தவில்லை. டாக்டர் அவர்களுக்குப் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தார். இது சிறுகுடல், இது பெருங்குடல், இந்த இடத்தில் சொந்த உடம்பே சண்டை போடுது, மருந்தால அடக்கலாம், பிள்ளை வளர்வான், பள்ளிக்கூடம் போவான், பயப்படாதீங்க என்றார். அந்தத் தாய் ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் பதில் சொன்னார். எவ்வளவு நல்ல டாக்டர் என்று எனக்கு அழுகை வந்தது. கேட்க வேண்டியதையெல்லாம் மனதுக்குள் வரிசையாக அடுக்கிக்கொண்டேன். அமலி என் மடியில் உட்கார்ந்து என் வளையலை உருட்டிக்கொண்டிருந்தாள். "கேமரா உள்ள போகும்போது நா சிரிக்கணுமாம்மா?" என்று கேட்டாள். "நீ தூங்கிட்டு இருப்ப" என்றேன். "அப்ப தூங்குற மாதிரி போட்டோ வரும்" என்று அவளே முடிவுசெய்துகொண்டாள்.

எங்கள் முறை வந்தது. டாக்டர் இரண்டு ரிப்போர்ட்டையும் பார்த்தார். அமலியின் வயிற்றை அமுக்கினார். நகத்தையும் கண்ணையும் பார்த்தார். "வெள்ளிக்கிழமை ஸ்கோப் பண்ணிடலாம்" என்று எழுத ஆரம்பித்தார். நான் வாயைத் திறந்தேன். அவள் வளர்வாளா? வாழ்நாள் முழுக்க மாத்திரையா? குடலை வெட்டுவார்களா? என் வயிற்றில் இருந்தபோது நான் ஏதாவது தப்பாகச் சாப்பிட்டேனா? முதல் மாதமே கூட்டிவந்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காதா? எல்லாப் பதிலும் புத்தகத்தில் இருக்கிறது, படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அதை ஒரு மனிதர் என் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று இருந்தது. "சார், இது..." என்று ஆரம்பித்தேன். பிரிட்டோ எனக்கு உதவி செய்வதாக நினைத்து, கொஞ்சம் பெருமையாகவே சொன்னார், "இவ லேப்லதான் சார் இருக்கா. பயோகெமிஸ்ட்ரி. இந்த டெஸ்ட் இவங்க கவுன்ட்டர்லதான் எடுத்தது."

டாக்டரின் முகம் மலர்ந்துவிட்டது. படம் போடுகிற நோட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார், பேனாவை மூடினார், அடுத்த டோக்கனுக்கு மணியை அடித்துக்கொண்டே சொன்னார்: "அடடே, அப்ப நான் சொல்றதுக்கு என்ன இருக்கு, எல்லாம் உங்களுக்கே தெரியுமேம்மா!"

நோய் வந்தவர்களுக்கு மருந்து கிடைக்கும், விவரம் தெரியாதவர்களுக்கு ஆறுதல் கிடைக்கும், எங்களைப் போல் எல்லாம் தெரிந்தவர்களுக்குக் கிடைப்பது வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குக் குழந்தையை வெறும் வயிற்றோடு கூட்டிவரச் சொல்லும் ஒரு சீட்டு மட்டும்தான்.